அணைக்க வந்தது

இயந்திர அறையில் தீ இல்லை.
ஈரம் ஏறிய ஒரு மின்கம்பி பொய் சொன்னது,
சிவப்பு உருளைகள் நம்பிவிட்டன.
பத்தே நொடியில் அறை முழுக்க ஹாலோன்.
அணைக்க வந்த வாயு
நெருப்பைக் காணாமல்
ஹொக்னியை அணைத்துக்கொண்டது.

நான்கு நிமிடம் என்றான் ஒருவன், ஏழு என்றான் இன்னொருவன்.
ஏணி வழியாக இழுத்து வந்தபோது
குடித்தவன்போலச் சிரித்துக்கொண்டிருந்தான்.
ஆட்டிறைச்சி வெட்டுகிற மேசையில் கிடத்தினோம்,
அவன் நீளத்துக்கு அது ஒன்றுதான் இருந்தது.
நான் சமையற்காரன்.
கரண்டி பிடிக்கிற கையில்
அவன் நாடியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

வானொலியில் தோர்ஷான் மருத்துவர்,
தூக்கத்திலிருந்து எழுப்பிய குரல்:
யாரும் கத்தாதீர்கள்.
பெட்டியில் அட்ரினலின் ஊசி இருந்தால் தொடாதீர்கள்.
அந்த வாயு அவன் இதயத்தின் காதில்
ஏதோ ஓதிவைத்திருக்கிறது.
ஒரு திடுக்கிடல் போதும், தாளம் தப்பிவிடும்.
அவன் பயப்படக் கூடாது.

அதன் பிறகு எங்கள் கப்பலை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.
இழுவலையைவிடக் கரடுமுரடான பதினோரு பேர்
பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு நடந்தார்கள்.
கெட்ட வார்த்தை கலக்காமல்
இருபது வருடத்தில் ஒரு கட்டளை இட்டறியாத கேப்டன் யோகன்னஸ்
"அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்தித் தருகிறாயா" என்றார்.
அலையிடம் மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை.

எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை.
ருபார்ப் ஜாமுக்கு எவ்வளவு சர்க்கரை என்று சொன்னேன்.
முழுதாக, இரண்டு முறை.

மருத்துவர் வானொலியை விட்டுப் போகவில்லை.
எங்களுக்காகவோ தனக்காகவோ சொல்லிக்கொண்டிருந்தார்.
நுரையீரல்தான் முதலில் கைகழுவும்.
மூளை, ஈரல், சிறுநீரகம் எல்லாம்
இரத்தம் ஓயாமல் வந்துபோகிற வீடுகள்,
சீக்கிரம் நிரம்பும், சீக்கிரம் காலியாகும்.
தசை கொஞ்சம் பிகு பண்ணும்.
கொழுப்புதான் கடைசி.
அந்தத் தெருவுக்கு இரத்தம் எப்போதாவதுதான் போகும்.
போன வாயுவுக்கு இடம் பிடித்துப்போகும்,
கிளம்பச் சொன்னால் கிளம்பாது.
ஏழு நிமிடம்தானே, அதிகம் சேர்ந்திருக்காது.
சேர்ந்தது நாளைக்கும் இருக்கும்.

கேட்டுக்கொண்டே அவன் தொப்பையைப் பார்த்தேன்.
என் ஏழு வருடச் சமையல்.
திமிங்கலக் கொழுப்பு, வெண்ணெய் வழியும் உருளைக்கிழங்கு,
ஞாயிறுதோறும் காற்றில் புளித்த ஆட்டுத்தொடை.
நான் கட்டிக்கொடுத்த கிடங்கு அது.
ஹொக்னிக்குக் கொழுப்பு அதிகம் என்று
கரையில் எல்லோரும் சொல்வதுதான்,
நானும் சொல்லியிருக்கிறேன்.
அன்றைக்குத்தான் அதற்கு எடை போட்டுப் பார்த்தேன்.

விடியுமுன் எழுந்து உட்கார்ந்தான்.
காபி கேட்டான்.
கையை விடு என்றான், நான் இன்னும் பிடித்திருந்தேன்.
பிறகு, கதவைப் பார்த்துக்கொண்டு,
"சுன்வாவிடம் மூச்சு விடாதே."

நான் விடவில்லை.
கிளாக்ஸ்விக் துறையில் மழையோடு நின்றிருந்தாள்,
பையை வாங்கிக் கீழே வைத்தாள்,
அவன் கழுத்தில் முகம் புதைத்தாள்.
அவன்தான் விட்டுக்கொண்டிருந்தான்,
தொப்பையின் அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருவதை,
நிறமில்லாமல், மணமில்லாமல்,
அவள் ஈரத் தலைமுடிக்குள்.

ஐந்தாம் நாள் இரவு தொலைபேசி அடித்தது.
கணக்குப்படி கிடங்கு காலியாகியிருக்கும்.
அந்தப் பக்கம் யாரும் பேசவில்லை.
பல்லோடு பல் மோதுகிற சத்தம்,
பின்னால் கூடத்துக் கடிகாரம்.
யாரென்று கேட்கவில்லை நான்.
"இனிப் பயப்படலாம், ஹொக்னி" என்றேன்.
"நன்றாகப் பயப்படு."